பச்சைத் தக்காளி என்றால் எந்தத் தக்காளி?

நீங்கள் கேட்டது இதுதான்: அமெரிக்கத் தென்மாநிலச் சமையல் குறிப்பு ஒன்றில் "பச்சைத் தக்காளி நான்கு" என்று இருந்தது. மெக்சிகோக் குறிப்பு ஒன்றில் "பச்சைத் தக்காளி அரைக் கிலோ" என்று இருந்தது. இரண்டுக்கும் சிவக்காத தக்காளியையே வாங்கிச் செய்தீர்கள். முதலாவது அருமையாக வந்தது. இரண்டாவது துவர்த்துப்போய், படத்தில் இருந்ததுபோல் வரவே இல்லை. எங்கே தவறு? ஒரே பெயர் எப்படி இரண்டு பொருளைக் குறிக்கும்?

தவறு உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, குறிப்பை மொழிபெயர்த்த இடத்தில் இருக்கிறது. பச்சைத் தக்காளி என்ற பெயருக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, இனிமேல் பழுக்கப்போகிற தக்காளியின் காய். இரண்டு, பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும் சில தக்காளி ரகங்கள். மூன்று, தக்காளியே அல்லாத வேறொரு செடியின் காய். அமெரிக்கக் குறிப்பு முதலாவதைக் கேட்டது. மெக்சிகோக் குறிப்பு மூன்றாவதைக் கேட்டது. அந்த மூன்றாவதற்கு நம் ஊர் வரப்போரத்திலேயே ஒரு தங்கை இருக்கிறது. அவளிடம் பிறகு வருகிறேன்.

முதலில் தக்காளிக்காய். இதற்குள்ளேயே இரண்டு நிலை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான், வெட்டினால்தான் வித்தியாசம் தெரியும். கூரான கத்தியால் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கத்தி விதைகளையும் சேர்த்து நறுக்கிக்கொண்டு போகிறதா, உள்ளறைகள் வெளுத்துக் கெட்டியாக இருக்கின்றனவா, அப்படியென்றால் அது முற்றாத காய். விதையைச் சுற்றிக் கொழகொழவென்று கூழ் கட்டியிருந்து, கத்தி பட்டதும் விதை வழுக்கி ஒதுங்கினால் அது முற்றிய காய். முற்றிய காயைப் பறித்து வைத்தாலும் தானாகப் பழுக்கும். தக்காளி தன் உடம்பிலிருந்தே எத்திலீன் வாயுவை விட்டுத் தன்னைப் பழுக்கவைத்துக்கொள்கிற பழம். அதனால்தான் பக்கத்தில் ஒரு வாழைப்பழத்தை வைத்து மூடினால் வேலை சீக்கிரம் நடக்கிறது. முற்றாத காய் இந்த வித்தைக்கெல்லாம் மசியாது. சுருங்கிப்போகும், அல்லது நிறம் மட்டும் லேசாக மாறிச் சப்பென்று இருக்கும். முற்றிய காயையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும். சமைப்பதற்கு எடுக்க வேண்டியது முற்றிய காயைத்தான். வறுவல், ஊறுகாய், கூட்டு எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

அமெரிக்க வேளாண் துறை தக்காளியின் நிறத்தை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. முழுப்பச்சை முதல் படி. பச்சை உடைந்து, தோலில் பத்து சதவீதத்துக்கு மிகாமல் மஞ்சளோ சிவப்போ தொட்டிருப்பது இரண்டாம் படி. அப்புறம் படிப்படியாக முழுச்சிவப்பு வரை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சொற்கள்தான் ஞாபகம் வரும். பிஞ்சு, காய், செங்காய், பழம். நடுவில் இருக்கும் அந்தப் படிகளுக்கு நாம் செங்காய் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். அந்தச் சொல்லைக் கொய்யாவுக்கும் மாங்காய்க்கும் மட்டும் விட்டுவிட்டு, தக்காளிக்குப் "பாதி பழுத்தது" என்று சுற்றி வளைக்கிறோமே என்று வருத்தமாக இருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் "பச்சைத் தக்காளி" என்ற தொடரையே நான் தவிர்ப்பேன். தமிழில் பச்சை என்பது நிறம் மட்டும் அல்ல. பச்சைப் பால் என்றால் காய்ச்சாத பால். பச்சை முட்டை என்றால் வேகாத முட்டை. பச்சரிசி என்றால் நெல்லைப் புழுக்காமல் குத்திய அரிசி. "பச்சை வாசனை போகும்வரை வதக்குங்கள்" என்று சொல்லும்போது நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆக, "தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடலாமா" என்று ஒருவர் கேட்டால், நன்றாகச் சிவந்த பழத்தை வேகவைக்காமல் சாப்பிடலாமா என்றுதான் பொருள். ஆங்கிலக் குறிப்பை அப்படியே மாற்றி "பச்சைத் தக்காளி சாலட்" என்று எழுதினால், பத்துப் பேரில் ஐந்து பேர் சிவப்புத் தக்காளியைத்தான் நறுக்குவார்கள். தக்காளிக்காய் என்று எழுதிவிட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. காய்க்கும் பழத்துக்கும் ஒரே மரத்தில் இரண்டு பெயர் வைக்கிற மொழி நம்முடையது. மாங்காய் வேறு, மாம்பழம் வேறு. அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

ருமேனியர்களின் நிலையைப் பாருங்கள். அவர்கள் தக்காளியை "ரோஷி" என்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் "சிவப்புகள்". சிவக்காத தக்காளியை அப்படிச் சொன்னால் "பச்சைச் சிவப்பு" என்று ஆகிவிடும் இல்லையா? ஆகவே உப்புநீரில் ஊறப்போடும் தக்காளிக்காய்க்கு "கோகொனெலே" என்று தனிப்பெயரே வைத்துக்கொண்டார்கள். தக்காளிக்காயைக் கொண்டாடுகிற நாடுகளை வரைபடத்தில் குறித்தால் ஒன்று தெரியும். ருமேனியா, உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா, இங்கிலாந்து, அமெரிக்காவின் வடக்கு என்று பெரும்பாலும் உறைபனி விழும் இடங்கள். இலையுதிர்காலத்தில் ஒரே இரவில் பனி விழுந்து செடி கருகிவிடும். அதற்கு முந்தைய நாள் செடியில் இருக்கும் காய் அத்தனையையும் பறித்தாக வேண்டும். கூடை கூடையாகக் காய் சேரும்போது, ஊறுகாய், சட்னி, மாவுக்குள் வைத்துச் சுடும் இனிப்பு என்று எதையாவது கண்டுபிடித்துத்தானே ஆக வேண்டும்? மக்காச்சோள மாவில் புரட்டி வறுக்கும் அந்தத் தக்காளிக்காய் வறுவல் இன்று அமெரிக்கத் தெற்கின் அடையாளம். ஆனால் அந்நாட்டின் பழைய அச்சுக் குறிப்புகளில் அது வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் இருந்திருக்கிறது. பனி விழும் ஊர் வீட்டுச் சிக்கனம் அது.

தக்காளிக்காயில் நஞ்சு இருக்கிறதாமே என்ற பயம் பலருக்கு உண்டு. தக்காளிச் செடியிலும் காயிலும் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் இருப்பது உண்மை. பழுக்கப் பழுக்க அது வெகுவாகக் குறையும். சமையலில் நாம் சாப்பிடும் அளவு தக்காளிக்காயால் ஆரோக்கியமானவருக்குக் கெடுதல் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள். இலையையும் தண்டையும் மட்டும் கீரைபோல் சமைக்கக் கூடாது.

இரண்டாவது வகையைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சந்தையில் அதிகம் பார்க்க முடியாது. கிரீன் ஸீப்ரா என்று ஒரு ரகம், அமெரிக்கர் டாம் வாக்னர் உருவாக்கி 1983இல் வெளிவந்தது. முழுக்கப் பழுத்தாலும் வெளியே கோடு கோடாக மஞ்சளும் பச்சையும், உள்ளே பச்சை. இவற்றில் பழுத்ததைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும், அடிப்பகுதியில் லேசாகத் தேன்நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பில் "பச்சைத் தக்காளியை மெல்லியதாக அரிந்து, உப்பும் எண்ணெயும் தெளித்து அப்படியே பரிமாறுங்கள்" என்று இருந்தால் இந்த ரகத்தைத்தான் சொல்கிறார்கள். இதற்குத் தக்காளிக்காயைப் போட்டால் நாக்கு கூசிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நன்றாகப் பழுத்த தக்காளியிலும் காம்பைச் சுற்றித் தோள்பகுதி மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் குறை என்று ஒதுக்கிவிட்டு, ஒரே சீராகச் சிவந்ததைப் பொறுக்குகிறார்கள். அந்தப் பச்சைத் தோள் பழைய ரகங்களின் இயல்பு. பழத்திலேயே பச்சையம் நிறையச் சேரச் செய்கிற ஒரு மரபணு இருக்கிறது. அந்தப் பச்சையம் வெயிலை வாங்கிப் பழத்துக்குள்ளேயே கொஞ்சம் சர்க்கரை சமைக்கும். சீரான நிறம் வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக ரகங்களைத் தேர்ந்தெடுத்ததில் அந்த மரபணு வேலை செய்யாத செடிகளே பெருகிவிட்டன. பார்க்க அழகு கூடியது, இனிப்பு குறைந்தது. இதன் மரபணுக் காரணத்தை 2012இல்தான் ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். தோள் பச்சையாக இருந்தால் அடுத்தமுறை ஒதுக்காதீர்கள்.

சரி, மூன்றாவதற்கு வருவோம். உங்கள் மெக்சிகோக் குறிப்பு கேட்டது தொமாத்தியோ என்ற காயை. எலுமிச்சை அளவில் இருக்கும். ஒவ்வொரு காயும் காகிதம்போல ஒரு உறைக்குள் தனித்தனியாகத் தொங்கும். உறையைப் பிரித்தால் உள்ளே காய் பசைபோல விரலில் ஒட்டும். தண்ணீரில் அலசினால் பசை போய்விடும். அறுத்தால் தக்காளிபோல அறை அறையாக இருக்காது. கத்தரிக்காயைப்போல் சதை நிறைந்து, நடுவே பொடி விதைகள் பரவிக்கிடக்கும். புளிப்பு தெளிவாக இருக்கும், எலுமிச்சையின் சாயல் தட்டும். இதைப் பச்சைமிளகாயோடு சுட்டோ வேகவைத்தோ அரைப்பதுதான் மெக்சிகோவின் பச்சைச் சட்னி.

இதற்கு அங்கே வழங்கும் பெயர்தான் வினையே. மெக்சிகோவின் நடுப்பகுதியில் போய்த் "தொமாத்தே" கேட்டால் இந்த உறைபோட்ட பச்சைக்காயைத்தான் தருவார்கள். நமக்குத் தெரிந்த சிவப்புத் தக்காளி வேண்டுமென்றால் "ஹித்தொமாத்தே" என்று கேட்க வேண்டும். அதே நாட்டின் வடக்கே போனால் "தொமாத்தே" என்பது சிவப்புத் தக்காளி, பச்சைக்காய் "தொமாத்தியோ", அதாவது குட்டித் தக்காளி. குழப்பம் வேண்டாம் என்று சிலர் "தொமாத்தே வெர்தே" என்று பச்சை என்ற அடைமொழியைச் சேர்ப்பார்கள். அதை ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார், இன்னொருவர் அந்த ஆங்கிலத்தைத் தமிழில் மாற்றியிருக்கிறார். இரண்டு கை மாறியதும் உறைபோட்ட காய் தக்காளிக்காய் ஆகிவிட்டது.

ஒரே நாட்டில் இப்படி இருக்க முடியுமா என்று தோன்றினால், நம் பூசணிக்காயை நினைத்துப் பாருங்கள். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பூசணி என்றால் வெள்ளை, மஞ்சள்நிறக் காய் பரங்கி. கொங்கு நாட்டில் அந்த மஞ்சள்காய் அரசாணி. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் வெள்ளைக்காய் தடியங்காய், ஆகவே பூசணி என்ற பெயர் அங்கே மஞ்சளுக்குப் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காய் நீற்றுப்பூசணி. மேலே திருநீறு பூசியதுபோல் வெண்பொடி இருக்கிறதே, அதைப் பார்த்து வைத்த பெயர், எவ்வளவு அழகு! "ஒரு கீற்று பூசணிக்காய்" என்று மட்டும் எழுதிய குறிப்பு சென்னையில் ஒரு குழம்பாகவும் நெல்லையில் இன்னொரு குழம்பாகவும் வரும். மெக்சிகோவின் தொமாத்தே கதையும் இதே மாதிரிதான்.

பழங்கதை என்ன? அஸ்டெக் மக்களின் நாவாட்ல் மொழியில் "தொமாத்ல்" என்பது சதைப்பற்றாய், கொழுகொழுவென்று, விதை நிறைந்த காய்களுக்குப் பொதுப்பெயர். முதன்மையாக உறைபோட்ட பச்சைக்காயைக் குறித்தது. சிவப்புத் தக்காளிக்கு "ஷித்தொமாத்ல்" என்று முன்னால் ஒரு அடை உண்டு. 1521இல் அஸ்டெக் தலைநகரைப் பிடித்த ஸ்பானியர்களின் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அவர்கள் "தொமாத்தே" என்று சுருக்கிவிட்டார்கள். கடல்கடந்து உலகம் சுற்றியது சிவப்புத் தக்காளி. ஆனால் அது எடுத்துக்கொண்டு போனது பச்சைக்காயின் பெயரை. உலகமெங்கும் வழங்கும் டொமேட்டோ என்ற சொல், மூலத்தில் டொமேட்டோவுக்கு உரியதே அல்ல.

இதைவிட வியப்பு, கடலுக்கு இந்தப் பக்கம் தமிழிலும் அதே காரியம் நடந்திருக்கிறது என்பது. தக்காளி என்ற சொல் தக்காளி வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி என்ற சின்னச் செடிகளின் பெயர் அது. போர்ச்சுகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தப் பெரிய சிவப்புப் பழம் வந்தபோது, பார்த்தவர்கள் இது நம் தக்காளியின் இனம் என்று சரியாகவே அடையாளம் கண்டார்கள். சீமையிலிருந்து வந்ததால் சீமைத் தக்காளி என்றார்கள். பழைய அகராதிகளில் தக்காளி என்று தேடினால் சின்னச் செடிதான் வரும், பெரிய பழத்துக்குச் சீமைத் தக்காளி என்று தனியாக இருக்கும். காலம் போகப்போகச் சீமை என்ற அடை உதிர்ந்தது. வந்தவர் வீட்டுக்காரர் ஆனார், வீட்டுக்காரர் அடைமொழியோடு நிற்கிறார். இன்று மணத்தக்காளிக்குத்தான் "மண" சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மணத்தக்காளிக்கே ஊருக்கு ஊர் பெயர் மாறும். சில பக்கம் மிளகுத் தக்காளி, காய் மிளகு மாதிரி இருப்பதால். கொங்குப் பக்கம் சுக்குட்டிக் கீரை. அதன் பச்சைக்காயைப் பறித்து, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்து எடுப்பதுதான் வத்தல். யோசித்துப் பார்த்தால் தமிழ்ச் சமையலின் அசலான "பச்சைத் தக்காளி"ப் பண்டம் அந்த வத்தக்குழம்புதான்!

சொடக்குத் தக்காளியைப் பார்த்திருக்கிறீர்களா? வயல் வரப்பிலும் தரிசிலும் தானாக முளைக்கும். முழங்கால் உயரம். கிளையின் கீழே சின்னச் சின்னக் காகித விளக்குகள்போல் ஐந்து விளிம்பு கொண்ட உறைகள் தொங்கும். ஒன்றைப் பறித்து நெற்றியில் அடித்தால் "டப்" என்று வெடிக்கும். அந்தச் சொடக்குச் சத்தம்தான் பெயர். உறையைக் கிழித்தால் உள்ளே சுண்டைக்காய் அளவில் ஒரு மணி. உறை காய்ந்து வைக்கோல் நிறமாகி, உள்ளே மணியும் மஞ்சளானால் தின்னலாம், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். உறையையும் பழுக்காத காயையும் தின்னக் கூடாது. நான் முன்பு சொன்ன தங்கை இவள்தான். மெக்சிகோவின் தொமாத்தியோவும் நம் சொடக்குத் தக்காளியும் தாவரவியலில் ஒரே பேரினம், ஃபைசாலிஸ். ஆக, மெக்சிகோவில் ஃபைசாலிஸின் பெயரைச் சிவப்புப் பழம் வாங்கிக்கொண்டது. இங்கேயும் ஃபைசாலிஸும் மணத்தக்காளியும் பகிர்ந்துகொண்ட பெயரை அதே சிவப்புப் பழம் வாங்கிக்கொண்டது. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு மொழிகள், செடியைக் கூர்ந்து பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை உணவுப் பெயர்களின் வரலாற்றில் இதைவிட அழகான செய்தி இல்லை.

எல்லா மொழிகளும் இந்த உறவைப் பார்க்கவில்லை. பலருக்குத் தக்காளி கத்தரிக்காயின் உறவாகத் தெரிந்திருக்கிறது. வங்காளத்தில் தக்காளிக்கு "பிலாத்தி பேகுன்" என்று ஒரு பெயர், அதாவது சீமைக் கத்தரிக்காய். ஒடியாவில் "பிலாத்தி பைகண", அதே பொருள். ஆப்கானிஸ்தானில் "பாஞ்சான்-ஏ ரூமி", ரோமாபுரிக் கத்தரிக்காய். சீனத்தின் தெற்கில் "ஃபான்சியே", அயல்நாட்டுக் கத்தரிக்காய். அதே சீனத்தின் வடக்கில் "ஷீஹோங்ஷி", மேற்கிலிருந்து வந்த சிவப்புச் சீமைப் பனிச்சை, அதாவது பெர்சிமன் பழம். கத்தரிக்காய் என்றவர்களும் தவறவில்லை. பூவையும், காம்பைக் கவ்விக்கொண்டிருக்கும் பச்சை இதழ்களையும் பாருங்கள், ஜாடை அப்படியே இருக்கும். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இல் தக்காளியைக் கத்தரியோடு சொலானம் பேரினத்தில்தான் வைத்தார். பிறகு வந்தவர்கள் தனியாகப் பிரித்தார்கள். மரபணுச் சான்று கிடைத்த பின் மறுபடி சொலானத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் சீமைக் கத்தரிக்காய் என்ற அதே பெயரைக் கன்னடத்தில் சொன்னால் தக்காளி வராது. "சீமெ பதனெகாயி" என்றால் அங்கே சௌசௌ. நாமும் அதைச் சீமைக் கத்தரிக்காய், பெங்களூர்க் கத்தரிக்காய் என்றே சொல்கிறோம். கொடைக்கானல், ஊட்டி மலைகளில் மேரக்காய். சௌசௌ கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவே இல்லாத கொடி, சுரை பூசணி இனம். சௌசௌ என்ற பெயரும் லேசுப்பட்டது அல்ல. அமெரிக்காவில் சௌசௌ என்றால் தக்காளிக்காயும் முட்டைக்கோசும் கடுகும் வினிகரும் போட்ட ஊறுகாய். ஆம், உங்கள் தக்காளிக்காயேதான் அங்கே சௌசௌ ஆகிறது. பெங்களூரில் சௌசௌ பாத் என்றால் காரா பாத் ஒரு குவியல், கேசரி பாத் ஒரு குவியல். நம் சாம்பாரில் போடும் காயின் பெயர் பிரேசிலில் ஷுஷு, மொரீஷியஸில் ஷூஷூ என்று ஒரே குடும்பச் சொல்லாக உலவுகிறது. ஒரே ஒலி, மூன்று தட்டு.

பாரசீகத்தில் உங்களைப்போன்ற ஒருவர் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இன்னொன்று உண்டு. ஈரானில் தக்காளிக்குப் பெயர் "கோஜே ஃபரங்கி". கோஜே என்றால் ஒருவகைப் பிளம் பழம், ஃபரங்கி என்றால் ஐரோப்பியர் நாட்டது. நம் பரங்கிக்காயில் இருக்கும் பரங்கி என்ற சொல்தான் அது. பேச்சில் ஃபரங்கி உதிர்ந்து வெறும் கோஜே என்றாலே தக்காளி. சீமைத் தக்காளியில் சீமை உதிர்ந்ததுபோல. ஆனால் "கோஜே சப்ஸ்", அதாவது பச்சைக் கோஜே என்றால் தக்காளிக்காய் அல்ல. வசந்த காலத்தில் உப்புத் தொட்டுக் கடிக்கும் புளிப்பான பச்சைப் பிளம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் இங்கேயும் ஒரு பொய்யான பச்சைத் தக்காளி முளைத்துவிடும்.

ஆக, பெயர் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு என் பதில் இது. புதிதாக வந்த பொருளுக்கு யாரும் புதுச்சொல் தேடி அலைவதில்லை. கையில் இருக்கிற பொருளில் எது கிட்டத்தட்ட இதுபோல் இருக்கிறதோ அதன் பெயரைத் தந்து, எங்கிருந்து வந்தது என்று ஒரு அடையைப் போட்டுவிடுகிறார்கள். மிளகு இருந்த நாட்டுக்கு ஒரு காரமான காய் வந்தது, மிளகாய் ஆனது. மணிலாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கொட்டை மணிலாக்கொட்டை, அது விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் மல்லாக்கொட்டையாகி மல்லாட்டை என்று தேய்ந்தது. அதுவே சென்னையில் வேர்க்கடலை, இலங்கையில் கச்சான். மரவள்ளி சேலத்தில் குச்சிக்கிழங்கு, கன்னியாகுமரியில் மரச்சீனி. சர்க்கரைவள்ளி தூத்துக்குடியில் சீனிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு. கொத்தவரங்காய் நெல்லையில் சீனியவரை. எந்த ஊரில் எந்த உறவுப்பொருள் முன்பே இருந்தது, யார் கையால் வந்தது என்பதைப் பொறுத்து அடை மாறும். இவற்றில் சரியான பெயர் எது என்று சண்டைபோடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஒவ்வொன்றும் அந்த ஊர்க்காரர்கள் அந்தச் செடியை முதலில் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி.

சமையலுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? பச்சைத் தக்காளி என்று எங்கே கண்டாலும் செய்முறையைக் கடைசி வரை படித்துவிட்டு வாங்கப் போங்கள். வட்டமாக அரிந்து, மாவில் புரட்டி வறுக்கச் சொன்னால் தக்காளிக்காய். வினிகர், கடுகு, சர்க்கரை, வெங்காயம் என்று ஊறுகாய்ப் பொருள்கள் வரிசையாக வந்தாலும் தக்காளிக்காய். உறையை உரி, பசையைக் கழுவு என்ற சொற்களோ, பச்சைமிளகாய், கொத்தமல்லித்தழை, பன்றியிறைச்சி அல்லது கோழி, மக்காச்சோள ரொட்டி என்ற கூட்டணியோ கண்ணில் பட்டால் தொமாத்தியோ. குவாதமாலாக் குறிப்புகளில் "மில்தொமாத்தே" என்று வந்தாலும் அதுதான், கொஞ்சம் சின்னது. வேகவைக்கவே சொல்லாமல் தட்டில் அடுக்கச் சொன்னால் பச்சையாகப் பழுக்கும் ரகம். குறிப்பில் பச்சடி என்று வந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும். நமக்கு அது தயிர் சேர்ந்தது, தெலுங்கில் அது துவையல். ஆந்திரக்காரர் "பச்சி டமாட்டா பச்சடி" என்றால் தக்காளிக்காயை வதக்கி அரைத்த துவையலைச் சொல்கிறார்.

தொமாத்தியோ கிடைக்கவில்லையென்றால் உங்கள் இரண்டாவது குறிப்பை இப்படிச் செய்து பாருங்கள். அரைக் கிலோ முற்றிய தக்காளிக்காயை எடுங்கள். செங்காய் வேண்டாம், நிறம் கலங்கிவிடும். இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி சூடான தோசைக்கல்லில் வைத்து, அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை விடுங்கள். போன தடவை துவர்த்தது பெரும்பாலும் வதங்காததால்தான். கூடவே மூன்று பச்சைமிளகாய், தோலோடு இரண்டு பல் பூண்டு, பாதி வெங்காயம். பூண்டை உரித்து எல்லாவற்றையும் உப்போடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழியுங்கள். தொமாத்தியோவின் தெளிந்த புளிப்பு தக்காளிக்காயில் கிடையாது, எலுமிச்சைதான் அதை ஈடுகட்டும். கசப்பு மிச்சமிருந்தால் கால் கரண்டி சர்க்கரை. கொத்தமல்லித்தழையைக் கடைசியில் போடுங்கள்.

வீட்டில் இடம் இருந்தால் தொமாத்தியோவையே விதை வாங்கி வளர்க்கலாம், தக்காளி வளரும் எந்த இடத்திலும் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை. தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், தொமாத்தியோ அப்படி இல்லை. ஒற்றைச் செடி வைத்தால் பூவாய்ப் பூத்து, உறைகூடக் கட்டும், உள்ளே காய் இருக்காது. குறைந்தது இரண்டு செடி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காய் உறையை முட்டி நிறைந்து, உறை வெடிக்கப்போகும் பதத்தில் பறிக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் மஞ்சளாகி, புளிப்பு போய் இனிப்பு தட்டிவிடும்.